பெரியகல்லாற்றுப் பொதுமக்கள்

பெரியகல்லாறு
11.02.2024

அன்புள்ள தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்கு,

நானும் மகள் உசாந்தியும் சுகமே இருக்கிறோம். என் முழங்கால் நோவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உனது சுகத்தையும் மச்சான் வேலப்போடியின் சுகத்தையும் அறிய விருப்பம். அறுவடை முடிந்ததா? யானைகள் வயல் வட்டைக்குள் இறங்கினவா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். இந்த வீட்டில் போன் உசாந்தியுடையது. எனக்குக் காது மந்தம் என்பதால் அவள் அதை வீதிக்கும் கேட்கும்படி சத்தம் கூட்டித்தான் தருவாள். இது அவள் கேட்கக் கூடாத விஷயம். கூடாத என்பது பெரிய சொல். கேட்காவிட்டால் நல்லது என்று வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரசாங்க அறிவித்தல் ஒன்று வந்திருந்தது. தரம் ஒன்பது மாணவர்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் எவ்வளவு தெரியும் என்று அளப்பதற்கு, நாடு முழுவதும் சில பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து ஓர் ஆய்வு நடத்தப் போகிறார்களாம். அதை எப்படி நடத்த வேண்டும் என்று பொதுமக்கள் தங்கள் கருத்துகளை எழுதி அனுப்பலாமாம்.

நான் ஓய்வுபெறும் வரை கணிதம் படிப்பித்தவன். ஒருவரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. பொதுமக்கள் என்பதில் ஓய்வூதியக்காரரும் அடங்குவரா என்று அறிவித்தலைத் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். விலக்கியதாகத் தெரியவில்லை.

என்னிடம் ஒரு கருத்து இருக்கிறது. அது சரியானதா? சரியென்றாலும் எழுதலாமா? எழுதினாலும் அனுப்பலாமா? இவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லவும்.

அண்ணன்,
பூபாலபிள்ளை


வெல்லாவெளி
21.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். யானை இறங்கிற்று, நாங்களும் இறங்கினோம், அது போய்விட்டது.

கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கருத்து என்னவென்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. பதிலை எங்கே போய்த் தேடுவேன்? உங்கள் மச்சானுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன்ட அண்ணன் யானை வந்தாலும் முதல்ல ஒரு மனு எழுதி, அதுக்கு ஒரு கொப்பி எடுத்து வெச்சிட்டுத்தான் கா சத்தம் போடுவார்."

கருத்தை எழுதுங்கள், மறுகா பார்க்கலாம். முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். அதை அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் பூசவும்.

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை


பெரியகல்லாறு
03.03.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

எண்ணெய் கிடைத்தது. இன்றிரவு தொடங்குகிறேன். உசாந்தி சுகம், பள்ளிக்கூடமும் பாடக்குறிப்பும் என்று எந்நேரமும் வேலை.

கருத்து இதுதான். ஆய்வு நடக்கிற நாளில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைச் சில பள்ளிக்கூடங்கள் வீட்டில் நிற்கச் சொல்லிவிடுகின்றனவாம். கேள்விப்பட்டதுதான். வந்த பிள்ளைகளை மட்டும் அளந்துவிட்டு, நாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கணக்குத் தெரியும் என்று சொன்னால் அது அளவை அல்ல. அன்றைய வரவைச் சரிபார்க்க வேண்டும். வராத பிள்ளைகளை வேறொரு நாளில் சோதிக்க வேண்டும்.

இதைச் சுருக்கமாக எழுதத்தான் இருந்தேன். பிறகு "நான் அறிந்த வரையில்" என்று முன்னால் சேர்த்தேன். "இது என் அறியாமையாகவும் இருக்கலாம்" என்பதைப் பின்னால் சேர்த்தேன். யாருடைய மனமும் நோகக் கூடாதென்று நடுவிலும் கொஞ்சம் சேர்த்தேன். இப்போது முதற்பக்கம் முடிந்தும் நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது வரவில்லை.

இதை அனுப்பலாமா? அவசரமில்லை. ஆனால் கடைசித் திகதி நெருங்குகிறது.

அண்ணன்,
பூபாலபிள்ளை


வெல்லாவெளி
12.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். வெயில்தான் கூட.

"சில பள்ளிக்கூடங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். "கேள்விப்பட்டது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் காது மந்தமாயிற்றே, எங்கே கேள்விப்பட்டீர்கள்? வீட்டுக்குள்ளேயா? உசாந்தி கணிதம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம்தானே அது?

இல்லையென்றால் இல்லையென்று எழுதவும்.

உங்கள் மச்சானுக்கு உங்கள் கருத்து நன்றாகப் பிடித்துவிட்டது. அவர் சொல்கிறார்: "விளைச்சல் அளக்கிற ஐயா வந்தா, நாங்க பதர் விழுந்த மூலைக்குத்தான் கூட்டிப் போவம். நட்டஈடு வரும். பள்ளிக்கூடத்தார் விளைஞ்ச மூலைக்குக் கூட்டிப் போறாங்க. ஒரே வேலதான் கா, மூலைதான் வேற."

இதையும் எழுதச் சொல்கிறார். பெரிய பெருமை.

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை


பெரியகல்லாறு
28.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

வருடப்பிறப்புக்கும் உங்களுக்கு எழுதவில்லை. குறை நினைக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்கும் சுகவீனம் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் உன் கேள்வி முன்னால் வந்து நின்றது.

ஓம். அந்தப் பள்ளிக்கூடந்தான்.

ஆனால் அவள் பக்கத்தையும் நீ அறிய வேண்டும். முந்திய ஆய்வில் அவள் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார்த்தினாள். பெறுபேறு வந்த பிறகு ஒரு கூட்டம் வைத்தார்கள். அதிகாரி ஒருவர் சுவரில் பெறுபேற்று வரைபடம் காட்டி, எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த கோட்டைத் தொட்டு, "இது யார்ர பள்ளிக்கூடம்? எழும்புங்க பாப்பம்" என்றாராம். மண்டபம் நிறைந்த ஆசிரியர்களுக்கு நடுவே என் மகள் எழும்பி நின்றாள். அன்று வந்து சாப்பிடாமல் படுத்தாள். அடுத்த சோதனைக்குப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு லீவு கொடுத்தாள். கோடு மேலே போனது. அதே அதிகாரி கைதட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், கெட்டிக்காரப் பிள்ளைகளும் எங்கள் வாசற் படலைக்கு வந்து, "ரீச்சர், நாங்களும் மொக்குதான், எங்களுக்கும் லீவு தாங்க" என்று சண்டை பிடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, கடைசித் திகதியில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரோ ஊரோ போடவில்லை. மச்சான் சொன்னதையும் சேர்த்தேன். "வெல்லாவெளி விவசாயி ஒருவர்" என்று மட்டும் குறிப்பிட்டேன். நாடு முழுவதிலுமிருந்து மூட்டை மூட்டையாகக் கருத்துப் போகும். அதற்குள் என்னுடையதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியந்தான்.

உசாந்தியிடம் சொல்லவில்லை. இந்த வீடு சீதனமாக எழுதியது, அவளுடையது. நான் மாடியறையில் இருக்கிற ஆள்.

அண்ணன்,
பூபாலபிள்ளை


கொழும்பு
04.06.2024

திரு. ச. பூபாலபிள்ளை,
பெரியகல்லாறு.

ஐயா,

தரம் 9 கணித, விஞ்ஞான அடைவு ஆய்வு: பொதுமக்கள் கருத்து

மேற்படி விடயம் தொடர்பான தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. நாடளாவிய ரீதியில் கோரப்பட்ட பொதுமக்கள் கருத்துகளில் இப்பிரிவுக்குக் கிடைத்தது தங்களுடையது ஒன்றேயாகும். எனவே இவ்விடயத்தில் பொதுமக்களின் கருத்து ஏகமனதானது எனக் கொள்ளப்பட்டுள்ளது.

பொதுமக்களின் விருப்பத்துக்கு இணங்க, ஆய்வு தினத்தன்று மாணவர் வரவு சரிபார்க்கப்படும். பொதுமக்கள் சார்பில் பார்வையாளராகத் தாங்களே நியமிக்கப்படுகின்றீர்கள். தங்கள் வதிவிடத்துக்கு மிக அண்மையிலுள்ள தெரிவு செய்யப்பட்ட பாடசாலை தங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. விபரம் இணைக்கப்பட்டுள்ளது. பார்வையாளர் பார்வையிடுதல் மட்டுமே செய்தல் வேண்டும்.

நெல் விளைச்சல் அளவீடு பற்றி வெல்லாவெளி விவசாயி தெரிவித்த தகவல் உரிய திணைக்களத்தின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

பணிப்பாளருக்காக


பெரியகல்லாறு
09.06.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுதப் பேனை வரவில்லை. இத்துடன் உள்ள பிரதியை வாசி.

நாட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஒருவராவது ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் கூட்டத்தில் ஒருவனாக நிற்கத்தான் போனேன். போய்ப் பார்த்தால் கூட்டமே நான்தான்.

ஒதுக்கிய பள்ளிக்கூடம் எது என்று கேட்காதே. நீ நினைப்பதுதான்.

மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தகப்பன் பார்வையாளராகப் போவது முறையல்ல என்று விளக்கி எழுதிவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது? "மகள், நான்தான் பொதுமக்கள்" என்று தொடங்கலாமா?

மச்சானுக்குக் கடைசிப் பந்தியைக் காட்ட வேண்டாம்.

அண்ணன்


வெல்லாவெளி
17.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசிப் பந்தியைத்தான் அவர் முதலில் வாசித்தார்.

நான் சுகம். அவர் சுகமில்லை. வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் வைக்கோற் போருக்குப் பின்னால் போய் நிற்கிறார். யானைக்கு ஒளிக்காத மனுசன். "நான் சும்மா கதைச்ச கதையை ஏன் கா அவர் கொழும்புக்கு அனுப்பினவர்?" என்று என்னைக் கேட்கிறார். "எழுதச் சொன்னதே நீங்கள்தான்" என்று நான் சொன்னால், அது நினைவில்லையாம்.

அவரை விடுங்கள். எனக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அந்த நாளில் பிள்ளைகள் வராவிட்டால், வரவில்லை என்று நீங்கள் எழுத வேண்டும். அதைக் கொண்டு உசாந்தியைத்தான் பிடிப்பார்கள். எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. வந்தார்களோ, அவளை மறுபடியும் அந்த மண்டபத்தில் எழுப்பி நிறுத்துவார்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?

கொழும்பிலிருந்து பதில் வருமென்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை


பெரியகல்லாறு
14.07.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உனதும் மச்சானதும் சுகத்துக்குக் கண்ணகை அம்மனை வேண்டுகிறேன். எனக்குச் சிறிய தடிமன். வேறொன்றுமில்லை.

ஆய்வு வியாழக்கிழமை நடந்து முடிந்தது. கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. அன்று காலையில் சற்று நேரம் சைக்கிளில் சுற்றினேன். இலேசான மழை, உடுப்பு நனைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போனேன்.

ஆய்வை நடத்த வந்தவர் றுமானா என்ற இளம் அதிகாரி. ஓட்டமாவடிப் பிள்ளை. மிகுந்த மரியாதை. "சேர், நீங்கதானா அந்தப் பொதுமக்கள்?" என்று கேட்டு எழும்பி நின்றார். வகுப்பில் எல்லாக் கதிரைகளும் நிரம்பியிருந்தன. நான் பின்னால் உட்கார்ந்து பார்வையிட்டேன்.

அறிக்கை அனுப்பியிருக்கிறேன். நியமனக் கடிதத்தின் ஒரு நிபந்தனையைப் பார்வையாளர் மீறியிருக்கலாம் என்பதையும் அதில் தெரிவித்திருக்கிறேன்.

உசாந்தி கதைப்பது குறைவு. சோறு போடுகிறாள்.

அண்ணன்,
பூபாலபிள்ளை


வெல்லாவெளி
22.07.2024

அன்பு மகள் உசாந்திக்கு,

மாமி சுகம், மாமா இன்னும் ஜீப்புக்குப் பயந்து வைக்கோற் போருக்குப் பின்னால்தான். உன் சுகத்தை எழுது. வறண்ட கச்சான் காற்றில் இங்கே வரம்பெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கல்லாற்றில் மட்டும் மழை பெய்ததென்று உன் அப்பா எழுதியிருக்கிறார். அது என்ன மழை?

மாமி


பெரியகல்லாறு
28.07.2024

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம் மாமி. அப்பாவுக்குத் தடிமன் மாறிவிட்டது. மழை பெய்யவில்லை.

அப்பா எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அதிபர்தான், "உங்கட அப்பாதானாம் பார்வையாளர்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் வாயால் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பின்னேரமும் குசினி வாசலில் வந்து நிற்பார். செருமுவார். "மகள், உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பிறகு கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவார். எங்கள் வீட்டில் இப்போது கருவாடே போடலாம், அவ்வளவு உப்பு.

நானும் சொல்லவில்லை. பின்தங்கிய பிள்ளைகளை வழக்கம்போல வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டேன். பயம்தான் மாமி. அந்த மண்டபத்தில் நின்றவள் நான்தானே.

அன்று விடியவே அப்பாவைக் காணவில்லை. நடந்ததைப் பிறகு பிள்ளைகளின் தாய்மார் சொல்லித்தான் தெரியும். நீட்டுக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் இருக்கிற ஆற்றோரத்துக்குச் சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு வீட்டிலும் கூப்பிடக் கூச்சம். படலையில் நின்று மணியை அடித்திருக்கிறார். மீன்காரன் என்று நினைத்து ஒரு பொம்பிளை சட்டியோடு வந்து, "இன்டைக்கு என்ன மீன்?" என்று கேட்டாவாம். "மீன் இல்ல மகள், கணிதம்" என்றாராம் அப்பா. அவ சட்டியை வைத்துவிட்டு மகனை எழுப்பிக் கொடுத்தாவாம். அவன் மற்றவர்களின் வீடுகளைக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு படலையிலும் ஒரு சட்டி வந்திருக்கிறது.

கடைசிப் பிள்ளை தகப்பனோடு தோணியில் இறால் பிடித்துக்கொண்டு நின்றானாம். அப்பா கரையில் நின்று கைலேஞ்சியை ஆட்டியிருக்கிறார். அவர்கள் காணவில்லை. சத்தம் போடக் கூச்சமாம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்த் தோணியைத் தட்டி, "மன்னிக்க வேணும் தம்பி, மகனைக் கொஞ்சம் தர ஏலுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வகுப்பு வாசலில் நின்றேன் மாமி. அப்பா ஈரக் காற்சட்டையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறார். பின்னால் என்ட பிள்ளைகள் வரிசையாக வாறாங்க. இறால் பிடித்தவன் சாரத்தோடயே வாறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அப்பா செய்யிறீங்க?" என்று கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இவங்களும் தரம் ஒன்பதுதானே மகள்" என்றார்.

நான் வாசலை விட்டு விலகி நின்றேன்.

சோதனை தொடங்கினதும் அந்த இறால்காரப் பொடியன் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான்: "ரீச்சர், இத எங்களுக்குப் படிப்பிச்சீங்களா?" படிப்பித்தேன் மாமி. விளங்கினதா என்றுதான் பார்க்கவில்லை.

அப்பாவோடு இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் பின்னேரத்தில் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பின்னம் அவர் படிப்பிக்கிறார், தசமம் நான். மாமாவை வைக்கோலுக்குள்ளிருந்து வெளியே வரச் சொல்லுங்கள்.

உசாந்தி


பெரியகல்லாறு
28.10.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, இந்த முறை உண்மையான மழை. மச்சானிடம் ஒருவரும் விசாரிக்க வரவில்லை என்று அறிந்து சந்தோஷம்.

ஆய்வின் பெறுபேறு வந்துவிட்டது. உசாந்தியின் பள்ளிக்கூடத்துக் கோடு மறுபடியும் எல்லாவற்றுக்கும் கீழே. கூட்டத்தில் எழுப்பி நிறுத்தவில்லை. இம்முறை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்: அடைவு வீழ்ச்சிக்கான காரணத்தைக் கணித ஆசிரியர் உடனடியாக விளக்க வேண்டுமாம்.

நான் பதறிப்போய் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் பற்றாக்குறை, வறுமை, போக்குவரத்து, என் தலையீடு எல்லாவற்றையும் விரிவாக எழுதி, மன்னிப்பும் கேட்டிருந்தேன். அவள் முழுவதையும் பொறுமையாக வாசித்தாள். பிறகு மடித்து என் சேட்டுப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துத் தான் எழுதினாள். அது இவ்வளவுதான்:

"காரணம்: அன்று பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். எத்தனை பேருக்குப் பின்னம் விளங்கவில்லை என்பது இப்போது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் ஓர் ஆசிரியரை அனுப்பவும்."

"இதில் மன்னிக்கவும் என்று ஓர் இடத்திலாவது போடலாமே மகள்" என்றேன்.

"ஒரு எழுத்தும் சேர்க்காதீங்க அப்பா. நீங்க பார்வையாளர்தானே? பாத்தது உண்மையெண்டா கீழ ஒப்பம் வைங்க."

வைத்தேன்.

"என்ன அப்பா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? ஆக்களுக்குத் தெரியிற மாதிரி வைங்க."

பக்கத்தில் இன்னொரு முறை வைத்தேன். அவள் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், தபாலில் சேர்க்கும்படி என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

இப்போது தபாற்கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான் உனக்கு இதை எழுதுகிறேன். இங்கே வந்து வெகு நேரமாகிறது. அவளுடைய கடிதம் என் மடியில் இருக்கிறது. இரண்டு தரம் பெட்டியடிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன். தபாற்காரர் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டு கடிதங்களையும் கையில் எடுத்துக்கொண்டு போய், முதலில் அவளுடையதைப் போடுவேன். அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் உன்னுடையதைப் போடுவேன். ஆகையால் இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அது போய்விட்டது என்று அறிந்துகொள்.

அண்ணன்,
பூபாலபிள்ளை